பூசணி பூக்குது, பிஞ்சு நிக்குதில்லை: தேனீ குறைஞ்சதுதான் காரணமா?

கோப்பாய்ச்செம்மண் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணம் கோப்பாயில் 4 பரப்பு (கால் ஏக்கர்) பூசணி, பக்கத்தில் 2 பரப்புப் பாகல் பந்தல். செம்மண், கிணற்று இறைப்பு, 4 நாளைக்கு ஒருக்கால் தண்ணி. நட்டு 52 நாள். கொடி நல்ல கரும்பச்சை, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு பாக்களவு, மிஞ்சினால் தேசிக்காயளவு வந்ததும் மஞ்சளாகி நுனியிலிருந்து சுருங்கி விழுந்துவிடுது. தப்பி நிக்கிற காயிலும் பாதிக்கு ஒரு பக்கம் சூம்பல். பாகற்காய் வால் மாதிரிக் கூர்ந்து வளையுது.

மருந்துக்கடையில் போரன் அடிக்கச் சொன்னார்கள். இரண்டு தரம் அடிச்சாச்சு, மாற்றம் இல்லை. காலையில் பூவுக்குள் பார்த்தால் தேனீ எண்டு சொல்ல ஒன்றிரண்டுதான். மிச்சம் எறும்பும் இலையானும். சுற்றிவர மிளகாய், கத்தரித் தோட்டங்கள். கிழமைக்கு ஒருக்காலாவது மருந்து அடிக்கினம்.

இது தேனீ இல்லாததால் வந்த பிரச்சினை எண்டு எப்படி உறுதிப்படுத்துறது? உலகம் முழுக்கத் தேனீ அழியுது எண்டு சொல்லுறது எங்கடை தேனீக்கும் பொருந்துமா? தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் இந்த வெயிலுக்கு நிக்குமா?

வரம்போரம்:

போரனை நிறுத்துங்கோ. முதலில் விழுந்த பிஞ்சு 10ஐப் பொறுக்கி நெடுக்காக வெட்டிப் பாருங்கோ. தோலில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும், அதில் பிசின் துளியும், உள்ளே வெள்ளைப் புழுவும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. தேனீயைக் குற்றம் சொல்ல வேண்டாம். புழு இல்லாமல், உள்ளே விதை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தோல்கள் மட்டும் கிடந்தால் மகரந்தம் போதாமல் விழுந்ததாக இருக்கலாம். சூம்பின காயைக் குறுக்கே வெட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பருத்த பக்கத்தில் விதை நிரம்பியிருக்கும், சூம்பின பக்கத்தில் விதை சப்பட்டையாகக் கிடக்கும். விதை முற்றுகிற பக்கம்தான் சதை வைக்கும்.

இன்னொன்றையும் கழித்துவிட வேண்டும். பூசணியில் முதல் ஒரு கிழமை பத்து நாள் ஆண்பூதான் கூட வரும். யூரியா கூடினாலும் வெயில் கூடினாலும் ஆண்பூ மிகும். பூவின் அடியில் குட்டிப் பூசணி இருந்தால் பெண்பூ, வெறும் காம்பென்றால் ஆண்பூ. 52 நாளில் பெண்பூ போதிய அளவு இருக்க வேணும். 20 ஆண்பூவுக்கு ஒரு பெண்பூகூட இல்லையென்றால் பிரச்சினை பசளையில் அல்லது வெயிலில்.

உறுதிப்படுத்த ஒரே நேர்மையான வழி சோதனை செய்து பார்ப்பது. நாளைக்கு விரியப்போகிற பூவை இன்று பின்னேரமே அடையாளம் காணலாம்: இதழ் நுனி பச்சை மாறி மஞ்சளாகி, முறுக்கின துணி மாதிரி இருக்கும். அப்படிப் பெண்பூ 25 தெரிவு செய்து மூன்று நிறக் கம்பளி நூலால் காம்பில் தளர்வாக அடையாளம் கட்டுங்கோ.

சிவப்பு நூல் 10: இவற்றுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பது. காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பிடுங்கி, இதழை உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் பூசின தண்டு மிஞ்சும். பெண்பூவின் நடுவில் குறி மூன்று தடித்த மடலாகப் பிரிந்து பிசுபிசுத்திருக்கும். மூன்று மடலிலும், மடலின் வெளி ஓரத்திலும் படத் தடவுங்கோ. ஒரு மடலை விட்டால் அந்தப் பக்கம் சூம்பும். ஒரு ஆண்பூ இரண்டு, மூன்று பெண்பூவுக்குப் போதும். 9 மணிக்குப் பிறகு தடவுவது பெரும்பாலும் வீண். வெயிலேற மகரந்தம் உயிர்ப்பை இழக்கும்.

வெள்ளை நூல் 10: தொடவே வேண்டாம், வருகிற பூச்சி வரட்டும்.

நீல நூல் 5: முதல் நாள் பின்னேரமே மெல்லிய நுளம்புவலைத் துணியால் மூடி, பூ வாடும்வரை விடுங்கோ. பொலித்தீன் போட்டால் வெந்துவிடும்.

ஐந்தாம் நாள் எண்ணுங்கோ. சிவப்பு நின்று வெள்ளை விழுந்தால் பூச்சி போதாது. இரண்டும் விழுந்தால் தண்ணி, பசளை, நோய் என்று வேறு பக்கம் தேட வேணும். நீலத்தில் ஒன்றும் நிற்காது. நின்றால் துணியில் ஓட்டை.

நுணாவிலான்:

வரம்போரம் சொன்ன சோதனையைச் செய்யுங்கோ. அதோடு ஒரு விளக்கம். "தேனீ போனால் விவசாயம் போச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால்தான் தோட்டக்காரர் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எங்கள் பயிர்களில் எது தேனீயை நம்பியிருக்கிறது, எது நம்பவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கணக்குத் தெளியும்.

சின்ன வெங்காயத்துக்குத் தேனீ தேவையில்லை, குமிழை நட்டுக் குமிழை எடுக்கிறோம். பூவிலிருந்து உண்மை விதை எடுப்பவருக்கு மட்டும் பூச்சி கட்டாயம் வேணும். வாழைக்குத் தேவையில்லை. புகையிலைக்குப் பூவையே முறித்துவிடுகிறோம். முந்திரிகை (திராட்சை) தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மாம்பூவுக்குத் தேனீயை விட இலையான் வகைகள்தான் கூட வேலை செய்கின்றன.

கத்தரி, தக்காளி, மிளகாய் வேறு சாதி. கத்தரியிலும் தக்காளியிலும் மகரந்தம் நுனியில் ஓட்டையுள்ள குழாய்க்குள் இருக்கிறது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு (பெரிய கறுப்புத் தேனீ), வயிற்றில் நீலக்கோடு போட்ட தனித்தேனீ (கூட்டமாக வாழாதது) போன்றவைதான் அதைச் செய்யும். கருவண்டு காய்ந்த மரக்கொம்பிலும் கூரை வளைமரத்திலும் துளைபோட்டுக் குடியிருப்பது, நீலக்கோட்டுத் தேனீ மண்சுவரிலும் வரம்பிலும் பொந்து தோண்டுவது. கொடித்தோடைக்கும் கருவண்டுதான் ஆள். அந்தப் பூ மத்தியானத்துக்குப் பிறகு விரியும், தேனீ அளவில் சின்னது, மகரந்தத்தை அள்ளிக்கொண்டு குறியில் முட்டாமலே போய்விடும்.

புடோல் இரவில் பூப்பது. வெள்ளைச் சடை விரித்து அந்துப்பூச்சியைக் கூப்பிடும். சுரையும் பின்னேரம் இருண்டுவர விரியும்.

மிஞ்சுவது பூசணி, பாகல், கெக்கரி, வத்தகை (தர்ப்பூசணி). இவை காலையில் விரியும், ஆண்பூ வேறு பெண்பூ வேறு, மகரந்தம் பாரமாக ஒட்டும் தன்மையோடு இருப்பதால் காற்றுக் கொண்டுபோகாது. வத்தகையில் ஒரு பெண்பூவுக்கு 500 முதல் 1000 மகரந்தமணி மூன்று மடலிலும் படவேணும். தேனீ ஒரு தரம் வந்துபோனால் போதாது, எட்டுப் பத்துத் தரம் வரவேணும். ஆக, உங்கள் 6 பரப்பும் சரியாக அடிபடுகிற பயிரிலேயே இருக்கிறது. பக்கத்து மிளகாய்க்காரருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. அவர் மருந்தடிக்கும் நேரத்தை மாற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

முருங்கை, எள்ளு, தேசி, தென்னை எல்லாம் தேனீ வந்தால் கூடக் காய்க்கும், வராவிட்டால் குறையும், நின்றுபோகாது. உலகக் கணக்கும் இதே மாதிரித்தான். 2007இல் வந்த ஆய்வொன்று 115 முக்கிய உணவுப் பயிர்களில் 87க்கு விலங்குகளால் நடக்கும் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஓர் அளவில் உதவுகிறது என்றது. ஆனால் நெல்லும் கோதுமையும் சோளமும் காற்றிலும் தன்னாலும் சேருவதால் உணவின் எடையில் பார்த்தால் அந்தப் பங்கு 35 வீதம். தேனீ இல்லாவிட்டால் சோறு இருக்கும், கறி குறையும்.

பனங்கூடல்:

போன் டவர் வந்ததில் இருந்துதான் தேனீ இல்லாமல் போனது. சிட்டுக்குருவிக்கும் அதே கதை. பிறகு, அமெரிக்காவில் உண்ணி வந்து பெட்டி பெட்டியாகச் சாகுதாம், இங்கையும் அதுதான் நடக்குது.

நுணாவிலான்:

டவரைத் தேனீ குறைவுக்குக் காரணம் காட்ட உறுதியான சான்று இல்லை. உண்ணிக் கதை எங்களுக்குத் தலைகீழ்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெட்டியில் இருப்பது ஏபிஸ் மெலிபெரா என்ற மேற்குத் தேனீ. எங்கள் பொந்துத் தேனீ ஏபிஸ் செரானா. வரோவா உண்ணி ஆதியில் செரானாவின் ஒட்டுண்ணி. காலகாலமாக அதோடு வாழ்ந்து பழகியதால் எங்கள் தேனீ உண்ணியைக் கடித்துத் தள்ளும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீக் குஞ்சு வளரும் கண்ணறைகளில் (அடையின் குழிகளில்) மட்டுமே பெருகும். மெலிபெராவை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அதில் தொற்றி உலகம் சுற்றியது. பழக்கமில்லாத அந்தத் தேனீ தாங்கவில்லை. 2006–07 குளிர்காலத்தில் அமெரிக்காவில் இராணியும் குஞ்சும் தேனும் இருக்க வேலைக்காரத் தேனீ மட்டும் காணாமல் போனது பெரிய செய்தி. அதற்கு உண்ணி, வைரஸ், மருந்து, உணவுக்குறைவு எல்லாம் சேர்ந்த காரணம்தான் சொல்கிறார்கள். ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை.

இன்னொரு சங்கதி: உலகத்தில் மனிதர் வைத்திருக்கிற பெட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை. 1961 முதல் 2006 வரை ஏறக்குறைய 45 வீதம் கூடியது. அதே காலத்தில் பூச்சியை நம்பின பயிர்களின் விளைச்சல் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. வேலை கூடின அளவுக்கு ஆள் கூடவில்லை. உண்மையில் குறைவது பெட்டிக்கு வெளியே இருக்கும் காட்டுத்தேனீயும் தனித்தேனீயும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் நம்பியிருப்பதும் அவற்றைத்தான், பெட்டி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

எங்கள் செரானாவின் குணம் வேறு. அது கூட்டில் இருந்து சாகும்வரை காத்திராது. பசி, வெக்கை, எறும்பு, மெழுகுப்பூச்சி, ஏதாவது ஒன்று தாங்கமுடியாமல் போனால் குஞ்சு வளர்ப்பதை நிறுத்தி, இருக்கிற தேனை வயிறு நிறையக் குடித்துவிட்டு ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிடும். ஆகையால் இங்கே "குறைந்தது" என்றால் இரண்டு விதம்: செத்தது, ஓடினது. ஓடினதைத் திருப்பிக் கூப்பிடலாம். ஓடினாலும் போய்க் குடியிருக்கப் பொந்து வேணும். பட்ட பனை, பழைய மாமரம், சுண்ணாம்புச் சுவர், பாழடைந்த வீடு எல்லாம் பொந்து. போரில் பனை போனது, பிறகு வந்த காலத்தில் பழஞ்சுவர் போனது. சீமெந்துச் சுவரில் தேனீ எங்கே நுழைவது? மிச்சம் மீதிக் கூட்டையும் தேன் எடுக்கிறோம் என்று பந்தம் பிடித்துக் குஞ்சடையோடு (குஞ்சு வளரும் அடையோடு) வெட்டி எடுத்தால் அந்தக் குடும்பம் முடிந்தது.

ஓய்வுபெற்றவர்:

மருந்து விடயத்தில் சில விளக்கம் தருகிறேன், பொதுவாக "மருந்து அடிக்காதே" என்று சொல்லிப் பயனில்லை.

முதலாவது நேரம். பூசணிப்பூ விடியற்காலை விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும், ஒருமுறை மூடினது திரும்ப விரியாது. பின்னேரம் 5 மணிக்குப் பிறகு அடித்தால் மருந்து நாளைய பூவின் உட்புறத்தில் படாது. அதே மருந்தைக் காலை 7 மணிக்கு அடித்தால் விரிந்த பூக்குவளைக்குள் நேரே இறங்கும். நம் ஊரில் வெயிலுக்குப் பயந்து காலையில்தான் மெசினைத் தோளில் போடுகிறோம். பந்தலில் சுரையும் கலந்திருந்தால் பின்னேரமும் கவனம், அந்தப் பூ அப்போதுதான் விரியும்.

இரண்டாவது, எந்த மருந்து. வெள்ளை ஈக்கும் அசுகுணிக்கும் அடிக்கிற இமிடாகுளோப்ரிட், தயாமெதொக்சாம் இரண்டும் தேனீக்கு மிகக் கொடியவை. இமிடாகுளோப்ரிட் வாய்வழியாகத் தேனீக்களில் பாதியைக் கொல்ல ஒரு தேனீக்கு 4 நானோகிராம் அளவே போதும் என்பது ஐரோப்பிய மதிப்பீடு. கணக்குப் போட்டால் 1 கிராம் தூய மருந்து 25 கோடித் தேனீயின் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த இரண்டையும் குளோதியானிடினையும் திறந்த வெளிப் பயிரில் தடைசெய்தது. அசெட்டாமிபிரிட் இதே குடும்பம்தான், ஆனால் தேனீக்கு நஞ்சு ஆயிரம் மடங்குக்கு மேல் குறைவு. அதை நம்பி ஒரு பிழை செய்கிறார்கள்: ஒரே மருந்துத் தாங்கியில் பங்கசு (பூஞ்சண) மருந்தையும் கலந்து அடிப்பது. புரோபிக்கொனசோல் போன்றவை தேனீயின் உடம்பில் நஞ்சை முறிக்கிற நொதியை முடக்கிவிடும். ஆய்வுகூடத்தில் அந்தக் கலவை அசெட்டாமிபிரிட்டின் நஞ்சை 100 மடங்குக்கு மேல் கூட்டியது. செலவு மிச்சம் என்று கலக்கிற பழக்கத்தின் விலை அது. இரண்டும் தேவையென்றால் வேறு வேறு நாளில் அடியுங்கள்.

மூன்றாவது, வேரில் ஊற்றுவது. "இலையில் அடிக்கவில்லையே, அடியில்தானே ஊற்றினோம்" என்பது தவறான ஆறுதல். ஊடுருவும் மருந்து தண்டுவழி ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வரும். கன்று நடும்போது ஊற்றினதைவிடப் பூக்கும் தறுவாயில் ஊற்றினது பூவில் கூடத் தங்கும்.

நனையும் தூள் வகை, கரைசல் வகையைவிட மோசம். தூள் துணிக்கை தேனீயின் மயிரில் மகரந்தம் போலவே ஒட்டிக் கூட்டுக்குள் போய்க் குஞ்சுக்கு ஊட்டப்படும். வேப்பெண்ணெய் என்றாலும் விரிந்த பூவில் அடிக்க வேண்டாம்.

தேனீ அதிகம் தேடிப்போகும் தூரம் 1 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் அந்த வட்டத்துக்குள் 12,000 பரப்புக்கு மேல் வருகிறது. ஆகவே நீங்கள் தனியே திருந்தி முழுப் பலனும் கிடைக்காது. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி, பூசணி வத்தகை பூக்கும் அந்த 4 கிழமைக்காவது சுற்றுவட்டத் தோட்டக்காரர் பின்னேரம் அடிக்க ஒத்துக்கொள்ள வையுங்கள். "அடிக்காதே" என்றால் சண்டை வரும், "பின்னேரம் அடி" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

வரம்புக்குக் களைகொல்லி அடிப்பதையும் யோசியுங்கள். தும்பை, துத்தி, தொட்டாச்சிணுங்கி பூத்துக் கிடக்கிற வரம்புதான் உங்கள் பயிர் பூக்காத காலத்தில் தேனீயின் சாப்பாட்டுக்கடை.

கோப்பாய்ச்செம்மண்:

எல்லாருக்கும் நன்றி. வெட்டிப் பார்த்த 10 பிஞ்சில் 2இல் புழு, 8இல் ஒன்றும் இல்லை. நூல் சோதனை முடிஞ்சுது: சிவப்பு 10இல் 8 நிக்குது. வெள்ளை 10இல் 3, அதிலும் ஒன்று கோணல். நீலம் 5உம் விழுந்திட்டுது.

பெட்டி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? எத்தனை வேணும், எங்கை எடுக்கிறது, சோளகக் காற்றுத் தொடங்கினால் நிக்குமா?

வரம்போரம்:

8க்கு 3 என்றால் சந்தேகமே இல்லை, பூச்சி போதாது. இந்தப் போகத்துக்குப் பெட்டியை நம்பிக் காத்திராமல் கையாலேயே தடவுங்கோ. ஒரு பூவுக்கு 15 விநாடி. ஒரு நாளைக்கு 60, 70 பெண்பூ விரிந்தாலும் 20 நிமிச வேலை, காலைத் தேத்தண்ணிக்கு முன்னம் முடியும். கொடிக்கு 2, 3 காய் நின்றதும் நிறுத்தலாம், அதற்கு மேல் கொடியே உதிர்த்துவிடும். பாகலில் பூ சின்னது, தொகை கூட. கையால் தடவிக் கட்டாது. அங்கேதான் தேனீ வேணும். புழு விழுந்த 2 பிஞ்சையும் தோட்டத்தில் எறியாமல் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கோ.

அடைகாரன்:

பெட்டிக்கு வாறன். நல்லாய் நிரம்பின கூடெண்டால் ஏக்கருக்கு 2, 3 போதும். உங்கடை 6 பரப்புக்கு ஒன்று காணும், இரண்டு இருந்தால் ஒன்று நலிஞ்சால் மற்றதிலிருந்து ஒரு குஞ்சடை எடுத்துக் குடுக்கலாம். பயிரில் பத்தில் ஒரு பங்கு பூ விரிஞ்ச பிறகு பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கோ. முந்தி வைத்தால் தேனீ வேறு பூவைப் பழகிப்போடும், பிறகு உங்கடை பூவைத் திரும்பியும் பாராது.

கூட்டத்தை உள்ளூரில் பிடிக்கிறது நல்லது. பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கு, பயிற்சிக்கு நல்ல இடம். ஆனால் மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த கூட்டத்தைக் கோப்பாய் வெயிலில் இறக்கினால் நிக்கிறது கஷ்டம். இந்தியக் கரையிலிருந்து படகில் யாராவது கொண்டுவந்து தாறன் எண்டாலும் வாங்கவே வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைக்குஞ்சு வைரஸ் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகத்தில் செரானாக் கூடுகளில் 90 வீதத்துக்கு மேல் அழிச்சது. அதை அடையாளம் காணுறது லேசு: மூடி பாதி திறந்த கண்ணறைக்குள் குஞ்சு தலையை நிமிர்த்தி மல்லாந்து, வள்ளம் போல வளைஞ்சு செத்திருக்கும். நெருப்புக்குச்சியால் மெல்லத் தூக்கினால் தண்ணி நிரம்பின பை மாதிரி முழுசாய் வரும். அதுக்கு மருந்தே இல்லை, அன்ரிபயோட்டிக் வைரசை ஒண்டும் செய்யாது. பழுதான அடையை எரிச்சு, இராணியை 2, 3 கிழமை கூண்டில் வைத்து முட்டையிடுறதை நிறுத்தி, அந்தப் பெட்டிச் சட்டத்தை மற்றப் பெட்டிக்கு மாத்தாமல் இருக்கிறதுதான் வழி.

பிடிக்கிறதுக்கு மண்பானையே போதும். 8, 10 லீற்றர் பானை, அடியில் பெருவிரல் மொத்தத்தில் ஒரு ஓட்டை, உள்ளே பழைய தேன்மெழுகை உருக்கித் தடவி, வாயைப் பலகையால் மூடிக் களிமண் பூசி, நிழலில் ஆள் உயரத்தில் கட்டுங்கோ. மாரி முடிஞ்சு தை, மாசியில் பூக் கூடும்போதுதான் கூட்டம் பிரியும். சுவர்ப் பொந்தில் இருக்கிற கூட்டை மாத்துறதெண்டால் பின்னேரம் செய்யுங்கோ. பொச்சுமட்டைப் புகை கொஞ்சம் போதும். குஞ்சடைகளை மட்டும் வெட்டி, மேல்பக்கம் மேலேயே இருக்கச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுங்கோ. தலைகீழாய்க் கட்டினால் குஞ்சு வளராது. அடையைச் சட்டத்தோடு ஒட்டின பிறகு நாரைத் தேனீயே கடிச்சு வெளியில் போடும். தேனடையைப் பெட்டிக்குள் வைக்காதேங்கோ, ஒழுகினால் விடிய முன்னம் எறும்பு. வாசலில் இராணிக் கதவு 4, 5 நாள் போட்டுவைத்தால் வேலைக்காரத் தேனீ போய்வரும், இராணி ஓடாது.

பெட்டியில் இரண்டு அளவு பிழைச்சால் மிச்சம் எல்லாம் பிழைக்கும். சட்டத்துக்குச் சட்டம் நடுவிலிருந்து நடு 30 முதல் 32 மில்லிமீற்றர். அடைக்கும் பலகைக்கும் இடையில் 8 மில்லிமீற்றர். மெலிபெரா அளவில் செய்த பெட்டி இடைவெளி கூடினது, எங்கடை தேனீ அந்த இடைவெளியில் குறுக்காய் அடை கட்டிச் சட்டத்தைத் தூக்க விடாது. கடையில் விக்கிற அச்சுமெழுகுத் தாளும் மெலிபெராவின் 5.4 மில்லிமீற்றர் கண்ணோடு இருந்தால் வாங்கவேண்டாம், எங்கடை வேலைக்காரத் தேனீக்கு அது பெரிசு.

வெயில். குஞ்சடைக்கு 34, 35 பாகை வேணும். அதுக்கு மேல் போனால் பாதித் தேனீ பூவை விட்டுத் தண்ணி காவவும் வாசலில் நிண்டு சிறகடிக்கவும் போயிடும். தகரக் கூரை மட்டும் போட்ட பெட்டி அடுப்பு. அதுக்கு மேல் கிடுகு இரண்டு பின்னல் போடுங்கோ. வேம்பின் அல்லது மாவின் கிழக்குப் பக்க நிழல், வாசல் கிழக்கு. சோளகம் தென்மேற்காலை அடிக்கிறதால் பெட்டிக்குப் பின்னால் வேலியோ மட்டைத் தட்டியோ இருக்க வேணும். 5, 6 அடி தள்ளி அகலச் சட்டியில் தண்ணியும் அதுக்குள்ளை தும்பும் போட்டு வையுங்கோ, தும்பு இல்லாவிட்டால் விழுந்து சாகும்.

கால் நாலுக்கும் தண்ணிச் சிரட்டை. இரண்டு நாளில் வத்திப்போடும், வத்தின இரவே எறும்பு ஏறும். காலைச் சுற்றி நாலு விரல் அகலம் கிரீஸ் பூசினால் கொஞ்சம் நிம்மதி. கிளை முட்டிக்கொண்டிருந்தால் முசுறு அதுவழி வரும், வெட்டிவிடுங்கோ.

பசிக்காலம்தான் ஓட்டத்தின் வேர். இங்கை இரண்டு பசி: ஆடி முதல் புரட்டாதி வரை வறட்சி, பிறகு கார்த்திகை மார்கழியில் மழை விடாமல் பூவைக் கழுவுறது. அந்த நேரம் 1 கிலோ வெள்ளைச் சீனிக்கு 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணி. பெட்டிக்கு 200 மில்லிலீற்றர், கிழமைக்கு 2, 3 தரம், பொழுதுபட்ட பிறகு, பெட்டிக்குள்ளை மட்டும். வெளியில் வைத்தால் ஊரிலுள்ள தேனீயெல்லாம் வந்து கொள்ளையடிக்கும். விடிய மிச்சமிருந்தால் ஊத்திப்போடுங்கோ, புளிக்கும். பனங்கட்டிப் பாகு இயற்கையானது எண்டு சிலர் வைப்பினம், அது தேனீக்கு வயிற்றோட்டம் குடுக்கும். பூக்காலம் முடிய முன்னம் எல்லாத் தேனையும் பிழிஞ்செடுத்துப்போட்டுப் பிறகு சீனி வைக்கிறதை விட, மேல்தட்டுத் தேனை மட்டும் எடுத்துக் குஞ்சறையிலுள்ளதைத் தொடாமல் விடுறது புத்தி. வேலியில் இலந்தையும் முருங்கையும் நிண்டால் அந்த இடைவெளி கொஞ்சம் நிரம்பும்.

10 நாளைக்கு ஒருக்கால், 5 நிமிசத்துக்கு மேல் திறக்காதேங்கோ. திறந்தால் பார்க்கிறது இதுகள். அடை வெறுமையாய், தேனும் இல்லை குஞ்சும் இல்லை, செத்ததும் இல்லை எண்டால் ஓடிட்டுது. தேனீ கண்ணறைக்குள் தலையைக் குத்தி வால் வெளியில் தெரியச் செத்திருந்தால் பட்டினி. வாசலில் குவியலாய், நாக்கு நீட்டி, சிலது நடுங்கிக்கொண்டு சுத்தினால் மருந்து. அண்டைக்கு யார் அடிச்சது எண்டு விசாரியுங்கோ. அடையில் நூல் படலமும் கறுத்த எச்சமும் எண்டால் மெழுகுப்பூச்சி. அது தேனீ மூடாத அடையில்தான் முட்டையிடும், ஆனபடியால் கூட்டம் சின்னன் எண்டால் வெறும் அடையை எடுத்துவிட்டு நெருக்கமாய் வைத்திருங்கோ. அடிப்பலகைத் தூளைக் கிழமைக்கு ஒருக்கால் கூட்டுங்கோ. எடுத்த நல்ல அடையைக் குளிர்பெட்டியின் ஐஸ் தட்டில் இரண்டு நாள் வைத்து, பிறகு இறுக்கி மூடிச் சேமிக்கலாம்.

கோப்பாய்ச்செம்மண்:

அடைகாரன் அண்ணை, உரும்பிராயில் ஒரு வீட்டுச் சுவரில் கூடு இருக்கு, தாறன் எண்டு சொல்லுகினம். நேரே தோட்டத்துக்குக் கொண்டுவரலாமா? மற்றது பஞ்சுருட்டான் குருவி கம்பியில் வரிசையாய் இருந்து தேனீ பிடிக்குது, கலைக்கிறதா?

அடைகாரன்:

பழைய பொந்திலிருந்து 2 கிலோமீற்றராவது தள்ளினால் நேரே கொண்டுவரலாம். அதுக்குள்ளை எண்டால் பறக்கிற தேனீ பழைய சுவரடிக்கே திரும்பிப் போகும். தூரத்தை அளந்துபோட்டு முடிவெடுங்கோ. கிட்டவெண்டால் வேறொரு ஊரில் 3 கிழமை வைத்துப் பிறகு எடுங்கோ. இரவு 7 மணிக்குப் பிறகு வாசலை வலைத்துணியால் அடைச்சு, அடை வண்டி போற திசைக்கு நேராய் இருக்கும்படி பெட்டியை ஏத்துங்கோ. குறுக்காய் வைத்தால் பிரேக் அடிக்க ஒண்டோடொண்டு மோதி இராணியை நசுக்கும். வைத்த உடனே வாசலைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விட்டுத் திறவுங்கோ. வாசலுக்கு முன்னால் ஒரு வேப்பங்கிளையைச் சாத்தினால் விடிய வெளிக்கிடுற தேனீ இடம் மாறினதைக் கவனிச்சுச் சுத்திப் பார்த்துப் பறக்கும்.

சுவர் ஓட்டையை அண்டைக்கே சீமெந்தால் அடைக்கச் சொல்லாதேங்கோ. மெழுகு மணம் இருக்கிறவரைக்கும் அடுத்த தை மாசம் இன்னொரு கூட்டம் அதுக்குள்ளை வரும்.

பஞ்சுருட்டானைக் கலைக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வாறதுகள் சித்திரையோடு போயிடும். புது இராணி கலவிக்குப் பறக்கிற கிழமையில் மட்டும் காலையிலிருந்து பின்னேரம் வரை அந்தக் கம்பிக்குக் கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் போதும்.